சையது: மதீனாவிலிருந்து மத்தூர் வரை

தமிழ்நாடு அரசின் பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்கள் பட்டியலில் ஏழு பிரிவுகள் இருக்கின்றன. அன்சார், தக்கானி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தரும் மரக்காயரும் அடங்கிய லப்பை, மாப்பிள்ளா, ஷேக் என்று போய், ஏழாவதாக சையதில் முடிகிறது. 2007இல் இந்த ஏழு பிரிவினருக்கும் சேர்த்து 3.5 சதவீத உள்ஒதுக்கீடு தனியாகப் பிரிக்கப்பட்டது. கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிற மத்தூரில் ஒரு சையது வீட்டுப் பிள்ளை பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு மனுப் போடுகிறது என்றால், போச்சம்பள்ளி தாலுகா ஆபீஸ் கொடுக்கும் சான்றிதழில் பி.சி.எம். என்று இருக்கும். அந்தப் பிள்ளைக்கு அது பெரிய உதவி.

அதே மாவட்டத்தின் வடகிழக்கு எல்லையைத் தாண்டினால் ஆந்திரத்தின் குப்பம். ஆந்திரமும் அதே 2007இல் முஸ்லிம்களில் பின்தங்கியோருக்கு 4 சதவீதம் ஒதுக்கிச் சட்டம் போட்டது, பி.சி.-இ என்பது அந்தப் பிரிவின் பெயர். அதில் ஷேக்குக்கு இடம் உண்டு. சையதுக்கு இல்லை. விட்டுப்போனது என்று நினைத்துவிட வேண்டாம். மொகல், பட்டாணி, அரபு, போரா, நவாயத் என்று விலக்கப்பட்டவர்களைச் சட்டமே பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையின் தலையில் நிற்கிறது சையது. சட்டத்தை 2010இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவின் பேரில் ஒதுக்கீடு இன்றும் தொடர்கிறது.

மேற்கே ஓசூரைக் கடந்து அத்திப்பள்ளி போனால் மூன்றாவது கணக்கு. கர்நாடகத்தின் 2பி என்ற 4 சதவீதப் பிரிவு முஸ்லிம்கள் என்று பொதுவாகச் சொல்லி நின்றுகொள்கிறது. சையதா, ஷேக்கா என்று அது கேட்பதில்லை. 2023 மார்ச்சில் அன்றைய அரசு அந்தப் பிரிவையே நீக்கியதும், வழக்கு உச்ச நீதிமன்றம் போனதும், நீக்கம் நடைமுறைக்கு வராமல் நின்றதும் தனிக்கதை.

பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உருதுக் குடும்பங்கள் இந்த மூன்று பக்கமும் பரவிக் கிடக்கின்றன. ஒரு கல்யாணப் பந்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்து பிரியாணி சாப்பிடும் மூன்று சையதுகளில் ஒருவர் பின்தங்கியவர், ஒருவர் முன்னேறியவர், ஒருவர் வெறும் முஸ்லிம். பெயர் மட்டும் மூவருக்கும் ஒன்று. அந்தப் பெயருக்கு அரபியில் பொருள் தலைவர், எஜமானர்.

இஸ்லாமிய உலகத்தில் பிறப்பால் கிடைக்கும் பெருமைகளில் இதற்கு மேல் ஒன்றில்லை என்று கருதப்பட்ட பெயர் இது. நபிகள் நாயகத்தின் ஆண் மக்கள் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோனார்கள். வம்சம் தொடர்ந்தது மகள் பாத்திமா வழியாக. பாத்திமாவும் அவர் கணவர் அலியும் பெற்ற ஹசன், ஹுசைன் என்ற இருவரின் வழிவந்தவர்களே சையதுகள். எல்லாவற்றையும் தகப்பன் வழியில் எண்ணிய அரபுக் குலமுறையில், இவ்வளவு பெரிய பரம்பரை ஒரு மகளின் பெயரில் நிற்பது கவனிக்க வேண்டிய விஷயம். மக்கா, மதீனா வட்டாரத்தில் இவர்களை ஷரீப் என்றும் அழைத்தார்கள்.

கி.பி. 680இல் கர்பலாவில் ஹுசைன் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு இந்தக் குடும்பத்துக்கு மரியாதையும் ஆபத்தும் சேர்ந்தே வந்தன. நபியின் ரத்தம் என்பதால் மக்கள் கொண்டாடினார்கள். அதே காரணத்தால் அரியணைக்குப் போட்டியாக வந்துவிடுவார்களோ என்று உமையாக்களும் அப்பாசியர்களும் பயந்தார்கள். தோற்றுப்போன கலகங்களிலிருந்து தப்பியவர்கள் அரபு நாட்டின் விளிம்புகளுக்கு ஓடினார்கள். அப்படி ஓடிய இத்ரீஸ் என்பவர் 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் மொராக்கோவில் ஓர் அரச வம்சத்தையே தொடங்கினார். இன்னும் சிலர் ஏமன் மலைகளுக்கும், ஈரானுக்கும், நடு ஆசியாவுக்கும் போனார்கள். போன ஊர்கள் அவர்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டன. புகாராவிலிருந்து வந்தவர் புகாரி, கீலானிலிருந்து வந்தவர் ஜீலானி, கிர்மானிலிருந்து வந்தவர் கிர்மானி. ஊரைச் சொல்லாமல் முன்னோரைச் சொன்னவர்களும் உண்டு: ஹுசைனி, ரிஸ்வி, நக்வி, ஜைதி. இன்று இந்தியாவில் தனித்தனிக் குடும்பப் பெயர்களாகத் தெரியும் இவற்றில் பல, சையது என்ற ஒரே மரத்தின் கிளைகள்.

மதிப்புள்ள இடத்தில் போலியும் வரும். அதைத் தடுக்க அப்பாசியர் காலத்திலேயே நகீப் என்று ஓர் அதிகாரியை வைத்தார்கள். சையது குடும்பங்களின் பிறப்பு, இறப்பைப் பதிவு செய்வது, பொய்யாகப் பெயரைச் சூட்டிக்கொள்பவனைக் கண்டுபிடிப்பது, வீட்டுப் பெண்களுக்குத் தகுதியில்லாத இடத்தில் சம்பந்தம் நடக்காமல் பார்ப்பது, மானியத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வி.ஏ.ஓ.வையும் சார்பதிவாளரையும் ஒன்றாகச் சேர்த்த பதவி என்று வைத்துக்கொள்ளலாம். எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் அஷ்ரப் ஷாபான் 14ஆம் நூற்றாண்டின் எழுபதுகளில் இன்னும் ஒரு படி மேலே போய், நபி வழியினர் தலைப்பாகையில் பச்சைத் துணி அடையாளம் அணிய வேண்டும் என்று ஆணை போட்டார். பச்சைத் தலைப்பாகைக்கு வந்த மவுசு அங்கிருந்து பரவியது.

கௌரவத்தோடு ஒரு கட்டுப்பாடும் உண்டு. நபியின் குலத்தார் ஜகாத் வாங்கக் கூடாது என்பது பெரும்பாலான மார்க்கச் சட்ட அறிஞர்களின் கருத்து. பசித்திருக்கும் சையதுக்கு அன்பளிப்புக் கொடுக்கலாம், ஏழைவரியிலிருந்து கொடுக்கலாகாது. பாரம்பரியம் தடுத்த அந்தக் கையைத் தமிழ்நாட்டின் இடஒதுக்கீடு நீட்டியிருக்கிறது என்று பார்த்தால், பட்டியலின் ஏழாவது பெயர் முதலில் தோன்றுகிற அளவுக்கு விசித்திரமாகத் தெரியாது.

தெற்கே இந்தப் பெயர் இரண்டு வழியாக வந்தது. ஒன்று தரை, ஒன்று கடல். கிருஷ்ணகிரிப் பக்கத்து சையதுகள் பெரும்பாலும் தரைவழிக் கதையைச் சேர்ந்தவர்கள்.

13ஆம் நூற்றாண்டில் மங்கோலியப் படைகள் நடு ஆசியாவைச் சூறையாடியபோது புகாராவிலிருந்தும் ஈரானிலிருந்தும் அறிஞர் குடும்பங்கள் டெல்லி சுல்தான்களிடம் அடைக்கலம் தேடி வந்தன. 1414 முதல் 1451 வரை டெல்லியை ஆண்ட வம்சத்துக்கே சையது வம்சம் என்றுதான் பெயர். அதற்கு முன்பே, 1327இல், முகமது பின் துக்ளக் தலைநகரைத் தக்காணத்துத் தௌலதாபாத்துக்கு மாற்றினார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அது கோமாளித்தனமாகச் சொல்லப்படும். ஆனால் உருது பேசும் தென்னிந்திய முஸ்லிம்களின் வரலாறு அந்தக் கட்டாய இடமாற்றத்துக்கு நிறையவே கடன்பட்டிருக்கிறது. அன்று டெல்லியிலிருந்து வந்த கூட்டத்தில் ஒரு சிறுவன் இருந்தான். பிறந்தது 1321, பெயர் சையது முகமது ஹுசைனி. பிறகு டெல்லி திரும்பிப் பெரிய சூபியாகி, 1398இல் தைமூர் படையெடுத்து வரும் வேளையில் மறுபடியும் தெற்கே கிளம்பி, பாமினி சுல்தான் பிரோஸ் ஷாவின் காலத்தில் குல்பர்காவில் வந்து தங்கினார். அவர்தான் பந்தே நவாஸ் கேசுதராஸ். அந்தப் பெயர் கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்து உருதுக் குடும்பங்களில் தெரியாதவர் இருக்க முடியாது. கேசுதராஸ் என்ற பட்டத்துக்குப் பொருள் நீண்ட கூந்தல்காரர். 1422இல் அவர் மறைந்த பிறகு குல்பர்கா தர்கா தக்காணம் முழுவதற்கும் யாத்திரைத் தலமானது.

பாமினி உடைந்து பீஜப்பூர் வந்தது. பீஜப்பூர்ப் படைகள் 1638இல் பெங்களூரைப் பிடித்தன. 1687இல் மொகலாயர்கள் சீராவைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு மாகாணம் அமைத்தார்கள். ஒவ்வோர் ஆட்சியும் சிப்பாய்களையும் காஜிகளையும் குமாஸ்தாக்களையும் இன்னும் கொஞ்சம் தெற்கே நகர்த்தியது. சீரா நவாபிடம் வேலை பார்த்துப் போரில் இறந்தவர் பதே முகமது. கோலார் பக்கம் புதிகோட்டையில் பிறந்த அவர் மகன்தான் ஹைதர் அலி. புதிகோட்டை கிருஷ்ணகிரிக்கு ரொம்பத் தூரமில்லை. பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்தச் சீமை ஹைதர் கைக்கும், பிறகு திப்பு கைக்கும் வந்தபோது மலைக்கோட்டைகளில் குடியேறிய காவல்படைகளோடு தக்னி உருதுவும் குடியேறியது. திப்புவின் தளபதிகளில் ஒருவரான சையது கபார், 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த நாளில், தாக்குதல் தொடங்கச் சற்று முன்பு பீரங்கிக் குண்டுக்குப் பலியானார். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1792 உடன்படிக்கையில், பாராமகால் கும்பினியார் கைக்குப் போய்விட்டது. கேப்டன் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளக்க வந்தார்கள். ராஜ்ஜியம் போனாலும் குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

கிருஷ்ணகிரிக்கு முதல் தடவை வருகிறவர் கண்ணில் முதலில் படுவது ஊருக்கு மேல் எழுந்து நிற்கும் அந்தப் பாறைக் கோட்டை. தொல்லியல் துறைக்கு அது கிருஷ்ணகிரிக் கோட்டை. ஊர்க்காரர்களுக்கு சையது பாஷா மலை. மேலே அடங்கியிருக்கும் பெரியவரின் பெயர் கோட்டையைக் கட்டிய ராஜாக்களின் பெயரை ஓரங்கட்டிவிட்டது. மலையேறுகிறவர்களில் முஸ்லிம்கள் மட்டும் இல்லை. வேண்டுதலோடு போகும் இந்துக் குடும்பங்களும் உண்டு.

கடல்வழிக் கதை வேறு மாதிரி. ராமநாதபுரம் ஏர்வாடியில் அடங்கியிருக்கும் சுல்தான் சையது இப்ராகிம் ஷஹீது மதீனாவிலிருந்து வந்தவர் என்பது அங்குள்ள மரபு. 16ஆம் நூற்றாண்டில் நாகூரில் தங்கிய ஷாகுல் ஹமீது ஆண்டவர், பாக்தாதின் அப்துல் காதிர் ஜீலானி வழியில் வந்த சையது என்று போற்றப்படுகிறார். அவருடைய தர்காவின் மிக உயரமான மினாரை, 131 அடி, 18ஆம் நூற்றாண்டில் எழுப்பியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங். கப்பலேறிப் போன தமிழ் முஸ்லிம்கள் நாகூராரையும் கூடவே கொண்டு போனார்கள். சிங்கப்பூரில் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா இன்றும் தெலுக் ஆயர் தெருவில் நிற்கிறது.

இந்தப் பக்தியால் பெயருக்கு ஒரு புது வாழ்வு வந்தது. ஏர்வாடியிலும் நாகூரிலும் நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைக்கு அந்த அவுலியாவின் பெயரை வைப்பார்கள். செய்யது இபுராகிம், செய்யது முகமது, செய்யது அலி என்று. அப்பா ராவுத்தராக இருக்கலாம், தாத்தா மரக்காயராக இருக்கலாம்; நபி வம்சம் என்று யாரும் உரிமை கொண்டாடவில்லை. பெண் பிள்ளைக்கும் வைத்தார்கள்: ராமநாதபுரத்தில் செய்யது அம்மாள் பெயரில் பள்ளியும் பொறியியல் கல்லூரியும், கீழக்கரையில் செய்யது ஹமீதா பெயரில் கல்லூரியும் இருக்கின்றன. திருநெல்வேலிச் சீமையில் செய்யது என்றாலே பலருக்கு முதலில் பீடிக்கட்டுத்தான் ஞாபகம் வரும்.

ஆக, கிருஷ்ணகிரியில் சையது என்பது தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும் குலப்பெயர். ஏர்வாடியில் செய்யது என்பது நேர்த்திக்கடன். வெளியூர்க்காரர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது சகஜம். சாதிச் சான்றிதழ் எழுதும் குமாஸ்தாக்களும் குழம்பினால் குற்றம் சொல்ல முடியாது.

தெற்கு ஏமனின் ஹத்ரமவுத் பள்ளத்தாக்கிலிருந்து கிளம்பிய கிளை இன்னும் தூரம் போனது. 10ஆம் நூற்றாண்டில் ஈராக்கின் பஸ்ராவிலிருந்து அங்கே குடிபெயர்ந்த அகமது அல்-முஹாஜிரின் சந்ததியினர், பா அலவி என்ற பெயரில் கடலோடிகளானார்கள். கேரளத்தில் அவர்கள் தங்ஙள்: 18ஆம் நூற்றாண்டில் தரீம் ஊரிலிருந்து மலபாருக்கு வந்த மம்புறம் சையது அலவி தங்ஙளின் மகன் பசல் பூக்கோயாவை 1852இல் ஆங்கிலேயர் நாட்டை விட்டே அனுப்பினார்கள். சிங்கப்பூரில் அவர்கள் அல்ஜுனைது, அல்சகாப். மின்சார ரயிலில் அல்ஜுனைது நிலையத்தில் இறங்கும் தமிழர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு சையது குடும்பத்தின் பெயர் என்று தெரியுமோ. மலேசியாவின் பெர்லிஸ் மாநில அரச குடும்பமான ஜமாலுல்லைலும் இதே வழிதான்.

அந்தச் சிங்கப்பூரில் 1905இல் ஒரு கல்யாணம் பெரிய வம்பை இழுத்துவிட்டது. சையது வழிப் பெண் ஒருத்தியை ஓர் இந்திய முஸ்லிம் மணந்தார். அவர் சையது இல்லை. உமர் அல்-அத்தாஸ் என்ற ஹத்ரமி அறிஞர் அந்த நிக்காஹ் செல்லாது என்றார். விவகாரம் கெய்ரோவுக்குப் போனது. அல்-மனார் இதழின் ஆசிரியர் ரஷீத் ரிதா செல்லும் என்று எழுதினார். சில ஆண்டுகள் கழித்து ஜாவாவில் சூடானியரான அகமது சூர்காத்தி அதே பதிலைச் சொல்ல, சையதுகள் அவரை விட்டு விலகினார்கள். அவரை ஆதரித்தவர்கள் 1914இல் பத்தாவியாவில் அல்-இர்ஷாத் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சையது என்றால் வெறும் 'திரு' என்றுதான் பொருள், ஆகவே யாரும் போட்டுக்கொள்ளலாம் என்று 1930களில் அவர்கள் வாதாடியபோது சண்டை டச்சு அரசாங்கத்தின் வாசலுக்கே போனது. நவீன அரபியில் அவர்கள் சொன்னது சரிதான். வளைகுடாவில் அலுவலகக் கடிதங்களில் எல்லாரும் சையித். அங்கே வேலைக்குப் போகும் நம்மூர் சையதுக்குக் கடிதம் வந்தால் அது 'திருவாளர் திருவாளர்' என்று வாசிக்கத்தக்கதாக இருக்கும்.

இந்தியாவில் இந்தப் பெயருக்கு ஏணி என்ற குணமும் உண்டு. ஆங்கிலேயர் கால மக்கள்தொகை அறிக்கைகளில் வடநாட்டுச் சொலவடை ஒன்றை அதிகாரிகள் விரும்பி எடுத்தாண்டார்கள்: போன வருஷம் நெசவாளி, இந்த வருஷம் ஷேக், தானிய விலை ஏறினால் அடுத்த வருஷம் சையது என்று ஒருவன் சொல்வதாக அது போகும். கேலிதான்; ஆனால் கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு எண்ணிக்கை தாவியதைப் பார்த்தவர்களின் கேலி.

உண்மையில் எத்தனை பேர் ஒரே முன்னோரின் பிள்ளைகள்? இதை 2010இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு கேட்டுப் பார்த்தது. எலீஸ் பெல், மார்க் தாமஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள், தங்களைச் சையது என்று சொல்லிக்கொள்ளும் இந்தியத் துணைக்கண்டத்து ஆண்களின் ஒய் குரோமோசோமை ஆராய்ந்தார்கள். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது அது. ஆகவே குலப்பெயரோடு ஒப்பிட வசதியானது. விடை, நம்புகிறவர்கள், சந்தேகப்படுகிறவர்கள் என்ற இரண்டு தரப்பையுமே முழுசாகத் திருப்திப்படுத்தவில்லை. சமீப காலத்து ஒரே ஆண் முன்னோரிடமிருந்து எல்லாரும் வந்ததற்கான அடையாளம் இல்லை; அந்த வகையில் அக்கம்பக்கத்து மற்றவர்களைப் போலவே அவர்களிடமும் பல வழிகள் கலந்திருந்தன. ஆனால் அரபு நாட்டு ஆண்களோடு உள்ள நெருக்கம் அக்கம்பக்கத்தாரைவிட அவர்களிடம் கூடுதலாக இருந்தது. வீட்டுப் பெட்டியில் ஷஜ்ரா என்ற வம்சாவளிச் சுருளைப் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இந்த ஆய்வு ஒரு பொருட்டாக இருக்காது.

பெயர் பரவிய கதையில் கிரிக்கெட்டை விட முடியாது. 1949இல் சென்னையில் பிறந்து கர்நாடகத்துக்காக ஆடிய விக்கெட் கீப்பர் சையது கிர்மானியின் பெயரில் பாதி மதீனா, பாதி ஈரானின் கிர்மான். 1936இல் மான்செஸ்டரில் 112 ரன் எடுத்து, வெளிநாட்டில் டெஸ்ட் சதமடித்த முதல் இந்தியரான சையது முஷ்டாக் அலியின் பெயரில் நடக்கும் டி20 கோப்பையில் தமிழ்நாடும் கர்நாடகமும் இரண்டு முறை இறுதியில் மோதின. 2019இல் ஒரு ரன்னில் கர்நாடகம். 2021 நவம்பரில் கடைசிப் பந்தில் தமிழ்நாட்டு வீரர் ஷாருக்கான் சிக்சர் அடிக்கத் தமிழ்நாடு. ஓசூரில் ஒரே தெருவில் இரண்டு முறையும் வெடி வெடித்திருக்கும், வேறு வேறு வீட்டு வாசலில்.

எழுத்துப் பிழைக்கும் இந்தப் பெயரில் ஒரு சாம்பியன் உண்டு. 1980 முதல் 1987 வரை தொடர்ந்து எட்டு முறை தேசிய பேட்மின்டன் பட்டம் வென்ற சையது மோடியின் இயற்பெயர் சையது மெஹ்தி ஹசன் ஜைதி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது மெஹ்தி என்பது மோடி என்று பதிவாகி, அதுவே நிலைத்துவிட்டது.

தமிழில் எழுதும்போது சிக்கல் இன்னும் கூடும். சையது, சையத், சையித், செய்யது, செய்யிது, சய்யிது. ஆங்கிலத்தில் எழுதினால் இதைவிட அதிகம். குலப்பெயர் முன்னால் வருவதால் படிவங்களில் எது குடும்பப் பெயர், எது சொந்தப் பெயர் என்ற தகராறு வேறு. தமிழ்நாட்டு வழக்கப்படி அப்பாவின் முதலெழுத்தை மட்டும் போட்டுக்கொள்பவர்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுவார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதியில்லை என்று அறிவித்தபோது, பல தமிழ்க் குடும்பங்கள் தகப்பன் பெயரைத் தேடி ஓடின. இரண்டாம் பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் போதும் என்ற விளக்கம் பிறகு வந்தது. சையது வீட்டார் பலர் அதற்கு முன்பே முன்னால் நின்ற பெயரைப் பின்னால் தள்ளிக் கட்டத்தை நிரப்பிவிட்டார்கள். ஐ.டி. கம்பெனிகளிலும் ஓசூர்த் தொழிற்சாலைகளிலும் அடையாள அட்டையும் அந்தக் குடும்பப் பெயரிலேயே அச்சாகிறது. ஒரே ஷிப்டில் நான்கு பேர் மிஸ்டர் சையது ஆகிவிட, மேஸ்திரி அவர்களை ஊர்ப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து, ஆதாரில் ஓர் எழுத்து என்று இருந்துவிட்டால் திருத்தத்துக்கு இ-சேவை மையம், நோட்டரி, கடைசியில் சென்னையில் அச்சாகும் தமிழ்நாடு அரசிதழ் வரை போக வேண்டும்.